பஞ்சுக்காலின் புது பிரேக்

பெற்ற மகளிடமே டிரைவிங் டெஸ்டில் பெயிலான மனிதர் அந்தத் தெருவில் ஒருத்தர்தான் உண்டு. மூன்றாவது வீட்டு கேக் வண்டிக்காரர். அவருடைய சொந்தப் பேர் என்னவென்று தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. பஞ்சுக்கால் என்றால் சின்னக் குழந்தைகூட வீட்டைக் காட்டும்.

அந்தப் பட்டப்பேர் வந்தது அவருடைய வலது காலால். மனைவி வீட்டின் பின்கட்டில் கேக் செய்வாள், இவர் தன் சாம்பல் நிறக் காரில் கொண்டுபோய்க் கொடுப்பார். பிறந்தநாள் கேக், கல்யாணத்துக்கு அடுக்கு கேக், எதுவானாலும் போன இடத்தில் பெட்டியைத் திறந்தால் கிரீமில் ஒரு கோடு கலைந்திருக்காது. சிக்னல் அடுத்த தெருவில் இருக்கும்போதே இவர் வேகத்தைக் குறைக்க ஆரம்பித்துவிடுவார். பிரேக்கை மிதிக்கிறாரா, தடவிக் கொடுக்கிறாரா என்று பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கே தெரியாது. தெருமுனையில் வொர்க்‌ஷாப் வைத்திருக்கும் மெக்கானிக் அம்மா ஒருநாள் அவரோடு காரில் வந்துவிட்டு, "அண்ணே, இது காலா இல்ல பஞ்சா?" என்று கேட்டாள். அன்றைக்கு ஒட்டிய பேர்.

மகள் வேலை செய்வது லைசென்ஸ் கொடுக்கும் ஆபீஸில். டெஸ்டுக்கு வருகிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, ஊர்க்கதை பேசுவதுபோல் பேசிக்கொண்டே வந்து, அவர்கள் எதிர்பார்க்காத நேரத்தில் டாஷ்போர்டில் பளார் என்று ஓர் அறை அறைவாள். அறை விழுந்ததும் வண்டி நிற்க வேண்டும். நின்றால் பாஸ். அந்தக் கைக்கு ஊரே பயப்படும்.

அந்தக் கைக்காரிக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. பஞ்சுக்கால் தாத்தாவானார்.

தாத்தாவானவருக்குத் தலைகால் புரியவில்லை. குழந்தை பிறக்கும் முன்பே காரின் பின் சீட்டில் குழந்தை இருக்கையை மாட்டிவிட்டார். மாட்டி, கழற்றி, திரும்ப மாட்டி, தினமும் ஈரத்துணியால் துடைத்தார். கேக் வாங்க வருகிறவர்கள் "பின்னாடி யாருங்க உக்காருவாங்க?" என்று கேட்டுவிட்டால் போதும், கேக்கைக் கையில் வைத்துக்கொண்டே அரைமணி நேரம் பேசுவார். அவருக்கு ஒரே ஆசைதான். பேத்தி முதல்முதலாகத் தன் வீட்டுக்கு வருவது தன் காரில், தான் ஓட்டி வர வேண்டும்.

மகள் வீடு மேட்டுத்தெருவில் இருந்தது. வாசலிலிருந்து சாலை சரிவாக இறங்கும். வருகிற ஞாயிற்றுக்கிழமை குழந்தையோடு வருகிறேன் என்று மகள் சொன்னதும் இவர் சாவியைச் சுழற்றிக்கொண்டு போய் நின்றார்.

"நான் வந்து கூட்டிட்டுப் போறேன், கண்ணு."

"இருங்கப்பா. முதல்ல நான் ஏறிப் பாக்கணும்."

"என் வண்டியில நீ பொறந்ததுல இருந்து ஏறிட்டுத்தானே இருக்க?"

"அப்ப நான் கேக்கோட போனேன். இப்ப என் பொண்ணு போகணும்."

குழந்தையைக் கணவனிடம் கொடுத்துவிட்டு ஏறினாள். சரிவில் இறங்கினார்கள். பாட்டியாகிவிட்ட அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டாள். இவர் பதில் சொல்ல வாயெடுக்கும்போது பளார்.

பஞ்சுக்கால் தடவினார். ஸ்டியரிங் உதறியது. முன்சக்கரத்தில் யாரோ முனகுவதுபோல் ஒரு சத்தம். கார், தபால் பெட்டியைத் தாண்டி, பச்சைக் கதவு வீட்டைத் தாண்டி, குப்பைத்தொட்டி பக்கத்தில் போய் மெல்ல மூச்சுவிட்டு நின்றது.

மகள் திரும்பி அந்தத் தபால் பெட்டியைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

"பெயிலா?" என்றார்.

"பெயில்தாம்பா. பிரேக்கைச் சரி பண்ணுங்க. ஞாயித்துக்கிழமை காலையில திரும்ப ஏறிப் பாப்பேன். நிக்கலைன்னா நாங்க டாக்ஸியில வந்துடுறோம்."

டாக்ஸி என்ற சொல் அவருக்குச் சுருக்கென்று குத்தியது. தன் பேத்தியை யாரோ முன்பின் தெரியாத ஆள் கொண்டுவந்து தன் வாசலில் இறக்குவதா! நேரே மெக்கானிக் அம்மாவிடம் போனார்.

அவள் முன்சக்கரத்தைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்தாள். சக்கரத்துக்குப் பின்னால் சக்கரத்தோடு சுற்றுகிற இரும்புத் தட்டு ஒன்று இருக்கும், அதுதான் டிஸ்க். அதை இரண்டு பக்கமும் பிடித்து நெருக்கும் கட்டைகள்தான் பேட். டிஸ்க்கின் மேல் துரு வட்டம் வட்டமாகப் பள்ளம் பறித்திருந்தது. ஓரத்தில் விளிம்பு கட்டி நின்றது. பேட் இரண்டும் கண்ணாடிபோல் பளபளத்தன.

"அண்ணே, இது தேய்ஞ்சு கெட்டுப்போகல. தொடாமயே கெட்டுப்போயிருக்கு. அழுத்தி மிதிச்சாத்தானே துரு உரசிப் போகும்?" என்றாள்.

"லேத்துல கடைஞ்சு கொடுக்க முடியாதா?"

"கடையலாம். ஆனா இதுக்கு மேல மெலிஞ்சா ஆபத்து. இவ்வளவு கனமாவது இருக்கணும்னு விளிம்புலயே பொறிச்சிருக்கான் பாருங்க. துருவை எடுத்தா அதுக்கும் கீழ போயிடும். புதுசு போட்டுடுங்க. ரெண்டு பக்கமும் சேர்த்து, டிஸ்க்கும் பேடும் சேர்த்து. ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசுன்னா வண்டி ஒரு பக்கமா இழுக்கும்."

பழைய டிஸ்க்கின் அளவை எழுதிக் கொடுத்தாள். மாப்பிள்ளையும் கூட வருவதாகச் சொன்னார். மாப்பிள்ளை எதையும் படிக்காமல் வாங்கமாட்டார். குழந்தைக்குப் பால் புட்டி வாங்கவே போனில் அத்தனை படித்த ஆள், பிரேக் என்றால் விடுவாரா? கடைக்குப் போகும் வழியெல்லாம் பிரேக்தான்.

"மாமா, துளை போட்டு, கோடு கீறின டிஸ்க்னு ஒண்ணு இருக்கு. பேட் சிவப்புக் கலர். பாத்தாலே வண்டி நின்னுடும்."

"பாத்தே நின்னுடுமா? அப்ப மிதிக்கவே வேணாமே!" பஞ்சுக்காலுக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

உதிரிபாகக் கடைக்காரர் எல்லாவற்றையும் மேசையில் பரப்பினார். துளை போட்ட டிஸ்க் மேசையின் நடுவில் நகைபோல மினுங்கியது. மாப்பிள்ளையின் கண்ணும் அதோடு சேர்ந்து மினுங்கியது.

"ரேஸ் ஓட்டுறீங்களா, சார்?" என்று கடைக்காரர் கேட்டார்.

"இல்லைங்க. கேக் ஓட்டுறேன்."

கடைக்காரர் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு பொறுமையாகச் சொன்னார். துளையும் கோடும் வேகமாக ஓட்டி, திரும்பத் திரும்ப ஓங்கி மிதித்து, டிஸ்க்கைக் கொதிக்க வைக்கிறவர்களுக்கு. தினமும் ஊருக்குள் போய்வருகிற வண்டிக்கு அதனால் பெரிய லாபம் இல்லை. துளையில் அழுக்கு அடையும், சிலதில் துளையிலிருந்து விரிசலும் ஓடும். "உங்களுக்குச் சாதா டிஸ்க் போதும். ஆனா ஓரத்துக்கெல்லாம் துருப்பிடிக்காத பூச்சு கொடுத்ததா எடுத்துக்குங்க. உங்க கால் எப்படின்னு நீங்க பேசுறதுலயே தெரியுது."

மாப்பிள்ளை முகம் தொங்கிவிட்டது. பஞ்சுக்காலுக்குப் பாவமாக இருந்தது. "கவலைப்படாதீங்க மாப்ள. உங்க அத்தைகிட்ட சொல்லி சிவப்புல ஒரு கேக் போடச் சொல்றேன். துளையும் போட்டுக்கலாம்."

அடுத்து பேட். ஒன்றில் உலோகத்தூள் அதிகம். கறாராகக் கடிக்கும், ஆனால் சத்தம் போடும், சக்கரமெல்லாம் கருப்புத் தூளைக் கொட்டும், டிஸ்க்கையும் சீக்கிரம் தின்னும். இன்னொன்று பீங்கான் கலந்தது. அமைதியானது, தூள் குறைவு, ஊருக்குள் ஓட்ட நன்றாகப் பிடிக்கும். பஞ்சுக்கால் இரண்டையும் கையில் வாங்கி, நகத்தால் தட்டிப் பார்த்தார், மூக்கின் அருகே கொண்டுபோய் முகர்ந்தும் பார்த்தார்.

"என்ன மாமா, வெந்துருச்சா?" என்றார் மாப்பிள்ளை.

இவர் அதைக் காதில் வாங்கவில்லை. கடைக்காரரிடம் கேட்டார்: "பின்னாடி குழந்தை தூங்குது. சிக்னல்ல மிதிக்கிறேன். எது போட்டா எழுந்திரிக்காது?"

கடைக்காரர் பீங்கான் பேடை இவர் பக்கம் தள்ளினார்.

டிஸ்க்கை வாங்கி, மேசையில் படுக்கவைத்து, குனிந்து ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு மட்டம் பார்த்தார். அவர் மனைவி கேக் அடுக்குக்கு அப்படித்தான் மட்டம் பார்ப்பாள். திருப்தியானதும் உள்ளங்கைகளில் ஏந்திக் கொண்டுபோய், கேக் பெட்டி வைக்கும் ரப்பர் விரிப்பின் மேல் வைத்தார். இரும்பு குலுங்கிவிடக் கூடாதென்று ஊர்ந்து ஊர்ந்து வீடு வந்தார்.

மெக்கானிக் அம்மா மாட்டினாள். சக்கரம் உட்காரும் இடத்துத் துருவைச் சுரண்டி எடுத்து, டிஸ்க்கில் பூசியிருந்த எண்ணெயைக் கழுவித் துடைத்து, கை படாமல் பொருத்தினாள். சாவியைக் கொடுக்கும்போது சொன்னாள்: "அண்ணே, இனிமேதான் உங்க வேலை இருக்கு. காலி ரோட்டுக்குப் போங்க. கொஞ்சம் வேகம் எடுத்து, நல்லா அழுத்தி மிதிங்க. நிக்கப்போற நேரத்துல விட்டுடுங்க. திரும்ப வேகம், திரும்ப அழுத்து. அப்பதான் பேட்ல இருக்கிறது டிஸ்க்குல ஒரே சீரா ஒட்டும். புது கேக் தட்டை எண்ணெய் தடவிச் சூடு காட்டிப் பழக்குவாங்கல்ல அண்ணி, அந்த மாதிரி. இல்லைன்னா திரும்பவும் உதறும்."

"ஆகட்டும்மா" என்று தலையாட்டினார். அழுத்தி மிதிக்கிற வேலை மட்டும் நடக்கவில்லை. காலி ரோட்டுக்குப் போனார். வேகம் எடுத்தார். கால் பிரேக்கின் மேல் போனதும், தூங்குகிற பூனைமேல் வைத்ததுபோல் நின்றுவிட்டது.

"பழக்கியாச்சா?" என்று மனைவி கேட்டாள்.

"பழக்கியாச்சு."

மாப்பிள்ளை பேட் பெட்டிக்குள் இருந்த காகிதத்தை எழுத்துவிடாமல் படித்திருந்தார். அடுத்த நாள் வந்து, "மாமா, ஒரு ரவுண்டு போய்ப் பாக்கலாமா?" என்றார். பஞ்சுக்காலின் மனைவியும் கிளம்பினாள். கிளம்பும்போது அவளுக்கு ஒரு யோசனை. பேத்தியின் எடைக்கு மைதாவை நிறுத்து, பையில் கட்டி, குழந்தை இருக்கையில் வைத்து வாரைப் போட்டாள். குழந்தை குலுங்குதா இல்லையா என்று பார்க்கத்தான். போட்டவள் சும்மா இருக்காமல் அதன் தலையில் ஒரு குட்டித் தொப்பியும் வைத்தாள்.

"அத்தை, மாவுக்குத் தொப்பி எதுக்கு?"

"வெயில் அடிக்குதுல்ல."

கிடங்குகளுக்குப் பின்னால் நீளமான சாலை. விடுமுறை நாள், ஆள் நடமாட்டம் இல்லை. "மிதிங்க மாமா" என்றார் மாப்பிள்ளை. பஞ்சுக்கால் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். தொப்பி தெரிந்தது. தடவினார்.

"மாமா, மிதிங்கன்னா மிதிக்கணும்!"

"எப்படி மாப்ள? அது தூங்குது."

"அது மைதா மாமா!"

"தெரியுது. தெரிஞ்சும் கால் போகமாட்டேங்குதே."

மனைவி பின்சீட்டிலிருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஓரமா நிறுத்துங்க" என்றாள். நிறுத்தினார். அவள் நிதானமாகக் கேட்டாள்: "இது அந்த முதல் வருஷத்து கேக்கா?"

அவர் சாவியைத் திருப்பி என்ஜினை அணைத்தார்.

தொழில் ஆரம்பித்த புதிதில் ஒரே ஒரு தடவை சட்டென்று பிரேக் போட்டார். மூன்றடுக்கு கேக், பெட்டிக்குள் ஒற்றை அடுக்காகிவிட்டது. அவள் ராத்திரியெல்லாம் கண்விழித்துப் பூப்பூவாக வைத்த கேக். வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவந்து காட்டியபோது, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மாவு சலிக்கப் போய்விட்டாள்.

"அதுக்கு இன்னைக்கு வரைக்கும் உங்களை ஒரு வார்த்தை சொல்லியிருப்பேனா?"

"சொல்லலை. அதான் கஷ்டம். திட்டியிருந்தா அன்னைக்கே மறந்திருப்பேன்."

மாப்பிள்ளை ஜன்னலுக்கு வெளியே எதையோ தீவிரமாகப் பார்க்க ஆரம்பித்தார்.

"அப்ப இப்ப திட்டவா?" என்றாள் மனைவி.

"திட்டு."

திட்டினாள். அடேயப்பா, அப்படி ஒரு திட்டு! கண்ணை எங்கே வைத்துக்கொண்டு ஓட்டினீர்கள், உங்களைக் கட்டிக்கொண்டு வந்த அன்றைக்கே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும், ஒவ்வொரு பூவையும் ஊசிமுனையில் வைத்தேனே, அதில் ஒரு பூவையாவது பிழைக்க விட்டீர்களா என்று, அத்தனை வருஷம் வட்டி சேர்ந்த திட்டையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டினாள். சாலையோரக் கம்பியில் உட்கார்ந்திருந்த காக்கா எழுந்து பறந்துவிட்டது. பஞ்சுக்கால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சிரிப்பை அடக்கப் பார்த்தார். முடியவில்லை. அவளும் பாதியில் சிரித்துவிட்டாள்.

"போதுமா?"

"இன்னும் கொஞ்சம் இருந்தா சொல்லு."

"வீட்டுக்குப் போங்க, சொல்றேன்."

வீட்டில் அவள் மைதாவை இறக்கித் தொப்பியைக் கழற்றினாள். உள்ளே போய் ஒரு கேக் பெட்டியோடு வந்தாள். மாப்பிள்ளைக்கென்று போட்ட சிவப்பு கேக். ஓவனில் நடுவில் அமுங்கிப்போயிருந்தாலும் மேலே கிரீமெல்லாம் தடவியிருந்தாள். பின்சீட்டில் விரித்திருந்த ரப்பர் விரிப்பை உருவி எறிந்துவிட்டு, வெறும் சீட்டின்மேல் பெட்டியை வைத்தாள்.

"இது உடையணும். முழுசா திரும்பி வந்துச்சுன்னா உங்களை உள்ள விடமாட்டேன். இதுக்கும் சேர்த்துத்தான் திட்டியிருக்கேன்."

மாமனும் மாப்பிள்ளையும் மறுபடி கிடங்குச் சாலைக்குப் போனார்கள். முதல் தடவை மிதித்தார். மாப்பிள்ளை திரும்பிப் பார்த்தார். "கேக் அப்படியே சிரிச்சுட்டு உக்காந்திருக்கு மாமா." இரண்டாவது தடவை பெட்டி ஒரு விரல் நகர்ந்தது. "இப்ப வணக்கம் சொல்லுது."

பஞ்சுக்கால் பல்லைக் கடித்தார். வேகம் எடுத்தார். மனைவியின் குரல் காதில் கேட்டது, உங்களைக் கட்டிக்கொண்டு வந்த அன்றைக்கே என்று. மிதித்தார்.

கார் மூக்கைக் குத்திக்கொண்டு அடங்கியது. பெட்டி பறந்து வந்து முன்சீட்டில் மோதியது, மூடி திறந்தது, மாப்பிள்ளையின் பிடரியில் சிவப்பு கிரீம் அப்பியது.

"நிக்கக் கூடாது மாமா, விடுங்க, விடுங்க! திரும்ப வேகம்!"

விட்டார், வேகம் எடுத்தார், மிதித்தார். திரும்ப மிதித்தார். கால் அவருடையதுதானா என்று அவருக்கே ஆச்சரியம். தண்ணீர்க் குட்டையில் குதிக்கிற பையன் மாதிரி, இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று கேட்டது கால். ஸ்டியரிங் உதறவில்லை, முனகல் இல்லை. காருக்குள் சூடான பேட் வாசனையும் வெனிலா வாசனையும் கலந்து அடித்தது.

"போதும் மாமா. இப்ப நிறுத்தி வைக்கக் கூடாது. பிரேக்கைத் தொடாம ஓட்டிக்கிட்டே ஆற விடணும்னு போட்டிருக்கான்."

"தொடாம ஓட்டுறதா? அதை எனக்குச் சொல்லித் தரணுமா?"

உடைந்த கேக்கைப் பெட்டியிலிருந்து கையால் அள்ளி, மாமனாருக்கு ஒரு வாய், தனக்கு ஒரு வாய் என்று ஊட்டிக்கொண்டே வந்தார் மாப்பிள்ளை. நகைபோல மினுங்கிய டிஸ்க்கை அதற்குப் பிறகு அவர் பேச்சில் எடுக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. மேட்டுத்தெரு வாசலில் மகள் குழந்தையை, அப்பாவோடு வந்திருந்த அம்மாவிடம் கொடுத்துவிட்டுக் காரில் ஏறினாள். உள்ளங்கையைத் தொடையில் வைத்துக்கொண்டாள். வாசலில் மனைவி பேத்தியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். மாப்பிள்ளை கழுத்தைத் தடவிக்கொண்டார்.

சரிவில் இறங்கினார்கள்.

"நேத்து அம்மா உங்களை ரோட்ல வச்சுத் திட்டினாங்களாமே?" என்றாள் மகள்.

"யாரு சொன்னது? மாப்பிள்ளையா? அந்த மனுஷன் வாயில எதுவும்..."

பளார்.

மிதித்தார். இரண்டு பேரும் முன்னால் சாய்ந்தார்கள், பெல்ட் இழுத்துப் பிடித்தது. கார் நேராக, சத்தமில்லாமல், நட்டுவைத்ததுபோல் நின்றது. தபால் பெட்டி இன்னும் எதிரே, எட்டி இருந்தது.

மகள் அந்தத் தபால் பெட்டியைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்ப்பதுபோல் அவருக்குத் தோன்றியது.

"ஸ்டியரிங்கைக் கொஞ்சம் லேசா பிடிங்கப்பா. கழுத்தை நெரிக்கிற மாதிரி பிடிச்சிருக்கீங்க."

"பாஸா?"

"வண்டியைத் திருப்புங்க. அவளுக்குப் பசியெடுக்கிறதுக்குள்ள கிளம்பணும்."

திரும்பும்போது அவள் அவருடைய தோளில் ஒரு தட்டு தட்டினாள். டாஷ்போர்டில் அறைகிற அதே கைதான்.

குழந்தையை இருக்கையில் வைத்து வாரைப் போட்டு, மகளும் மாப்பிள்ளையும் இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். மனைவி முன்னால் ஏறினாள். கிளம்பிய கார், கிளம்பிவிட்டதா என்றே தெரியவில்லை. பஞ்சு திரும்பவும் காலில் வந்து குடியேறிவிட்டது. பின்னால் ஒரு வண்டி ஹாரன் அடித்தது, அதற்குப் பின்னால் இன்னொன்று.

"அப்பா, ஊரே பின்னாடி நிக்குது."

"நிக்கட்டும். அவங்க வண்டியில என் பேத்தி இருக்காளா?"

பேத்தி வாயைச் சப்புக்கொட்டிவிட்டுத் தூங்கினாள். சிக்னல் வந்தது, போனது. வளைவு வந்தது, போனது. மகள் குழந்தையின் முகத்தையே பார்த்து ஏதோ முணுமுணுத்துக்கொண்டு வந்தவள், கொஞ்ச நேரம் கழித்துத் தலையைத் தூக்காமலே கேட்டாள்: "இன்னும் எவ்வளவு தூரம்பா?"

"வீடு வந்து எவ்வளவு நேரமாச்சு! இறங்குடி" என்றாள் அம்மா.

மகள் நிமிர்ந்து பார்த்தாள். மூன்றாவது வீட்டு வாசல். என்ஜின்கூட அணைந்திருந்தது. மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தார்.

பஞ்சுக்கால் மட்டும் அசையவில்லை. இரண்டு கையும் ஸ்டியரிங்கில், பார்வை கண்ணாடியில். மனைவி குனிந்து கீழே பார்த்தாள். வலது கால் பிரேக்கை முழு பலத்தோடு அழுத்திக்கொண்டிருந்தது.

"வண்டி நின்னாச்சு. காலை எடுங்க."

"இருக்கட்டும். முதல்ல அவளை இறக்குங்க."